அப்பாவின் ப்ரூப் செட்டுகள்: செட்டாகவே விற்பதா, காசு காசாகப் பிரித்து விற்பதா?

காவிரிக்கரை:

வணக்கம். நான் இங்கே புதிது. அப்பா போன ஆடியில் காலமானார். முப்பது வருஷத்துக்கும் மேலாகக் காசு சேர்த்தவர். பீரோவின் அடித்தட்டில் இருந்த பெட்டிகளை இப்போதுதான் அம்மா வெளியே எடுக்கச் சொன்னார்.

காந்தி நூற்றாண்டு ப்ரூப் செட் ஒன்று (ப்ரூப் செட் என்றால் சேர்ப்பவர்களுக்காக நாணயச்சாலை தனியாக மெருகேற்றி அடித்துப் பெட்டியில் விற்கும் காசுத் தொகுப்பு; இதில் 10 ரூபாய் வெள்ளி, 1 ரூபாய், 50 காசு, 20 காசு), காமராஜர் நூற்றாண்டு செட், அண்ணா நூற்றாண்டு செட், தஞ்சைப் பெரிய கோயில் 1000 ரூபாய் செட் இருக்கின்றன. அப்புறம் நியூ ஜெர்சியில் இருந்த சித்தப்பா வருஷா வருஷம் அனுப்பிய அமெரிக்க ப்ரூப் செட்டுகள், 1988 முதல் 1995 வரை எட்டு. இது போக ஒரு பிளாஸ்டிக் கவரில் உதிரியாக ஒரு இருபது நாணயங்கள் இருக்கும்.

ஒரு கடைக்காரரிடம் படங்களைக் காட்டினேன். "செட்டெல்லாம் இப்ப யாரும் கேக்கறதில்லம்மா. அந்த ஆயிரம் ரூபாயையும் காந்தி பத்து ரூபாயையும் மட்டும் குடுங்க, மத்ததை நீங்களே வச்சுக்கோங்க" என்றார். வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே தருவதாகச் சொல்கிறார். இன்னொருவரோ, செட்டைப் பிரித்தால் பாதி மதிப்பு போய்விடும் என்கிறார். யார் சொல்வது சரி? வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது, அதனால் கொஞ்சமாவது விற்றுத்தான் ஆக வேண்டும். அம்மா தஞ்சை செட்டை மட்டும் கொடுக்கத் தயங்குகிறார்.

மதுரைக்காசு:

சகோதரி, அப்பாவுக்கு என் அஞ்சலி. அந்த இரண்டு காசையும் கொடுத்துவிடாதீர்கள், அவசரமே இல்லை.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவர் சொல்வதும் எல்லா செட்டுக்கும் பொருந்தாது. ஒரு செட்டின் விலையைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் அதிலுள்ள ஒரே ஒரு காசுதான். கீ காயின் என்போம். செட்டைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது, இதில் கீ காயின் எது, அதை எடுத்துவிட்டால் மிச்சத்தை யாராவது வாங்குவார்களா என்பதைத்தான்.

தஞ்சை செட்டையே எடுத்துக்கொள்வோம். இந்தியா வெளியிட்ட முதல் 1000 ரூபாய் நாணயம் அது. 35 கிராம் எடை, 44 மில்லிமீட்டர் விட்டம், 80 சதவீதம் வெள்ளி. ஆக 28 கிராம் வெள்ளி. கூட இருக்கிற 5 ரூபாய் நிக்கல் பித்தளை. அதே வடிவத்தில் புழக்கத்துக்கும் வந்தது, நாமே பஸ்ஸில் சில்லறையாக வாங்கியிருக்கிறோம். அந்தக் கடைக்காரர் ஆயிரத்தை மட்டும் வாங்கிக்கொண்டால் உங்களிடம் மிஞ்சுவது ஜோடி இழந்த ஐந்து ரூபாயும் காலிப் பெட்டியும். அவரிடமோ வேறு எங்கோ இருந்து வந்த ஐந்து ரூபாயும் பெட்டியும் இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்து முழு செட் என்று விற்றுவிடுவார். கண்காட்சி மேசைகளில் காலிப் பெட்டியை மட்டும் ஆட்கள் விலை கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு மதிப்பில்லை என்றால் காலிப் பெட்டியை எதற்கு வாங்குகிறார்கள்?

காமராஜர், அண்ணா செட்டுகளும் இதே மாதிரி. 100 ரூபாயும் 5 ரூபாயும். நூறு ரூபாய்க் காசு 35 கிராம், அதில் பாதிதான் வெள்ளி (50 சதவீதம் வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம்). ஆக 17.5 கிராம். நூறு ரூபாய்க் காசு புழக்கத்துக்கு வருவதே கிடையாது, நாணயச்சாலை செட்டாக மட்டுமே விற்றது. அதனால் உதிரியாக ஒரு நூறு ரூபாயைக் கொண்டுபோனால் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி "இதோட ஜோடி எங்கே?" என்பதுதான். இரண்டு காசு செட்டை எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள்.

வெள்ளி எடையை நான் சொன்னது கணக்குக்காக. இந்த விலைக்குக் கீழே போகாது என்கிற தரை அது. அதை வைத்து விலை பேச ஆரம்பித்தால் பேச்சு தரையிலேயே நின்றுவிடும். உருக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம், 2011 நாணயச் சட்டப்படி காசை உருக்குவது குற்றம்.

அச்சுமுத்திரை:

மதுரை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விலை பேசும் முன்னால் அவை ப்ரூப்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ப்ரூப் என்பது காசின் தரத்தைக் குறிக்கிற சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அது தயாரிக்கும் முறை. மெருகேற்றிய அச்சு, மெருகேற்றிய வில்லை, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடி. அதனால் தளம் கண்ணாடி மாதிரி இருக்கும், உருவம் பனி படிந்த மாதிரி வெள்ளையாக எழும்பி நிற்கும். நாணயச்சாலை யு.என்.சி. (அன்சர்க்குலேட்டட், அதாவது புழங்காத காசு) செட்டும் விற்கிறது. அதுவும் புதுக்காசுதான், ஆனால் அந்தக் கண்ணாடித் தளம் இருக்காது, விலையும் குறைவு. பெட்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம், ப்ரூப் பெட்டியில் யு.என்.சி. காசை வைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நாணயச்சாலை முத்திரையையும் பாருங்கள். மும்பையில் புழக்கத்துக்கு அடிக்கும் காசில் வைரப் புள்ளி. அதே மும்பை ப்ரூப் காசில் முன்பு 'பி' என்ற ஆங்கில எழுத்து, 1996 வாக்கில் இருந்து 'எம்'. ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப் புள்ளி, கொல்கத்தாவுக்கு எதுவுமே கிடையாது. காந்தி செட்டில் 1869-1948 என்று ஆண்டுகள் இருக்கும் இடத்துக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எல்லாக் காசிலும் 'பி' இருக்க வேண்டும். காசைத் தொட வேண்டியிருந்தால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். கைரேகை பட்டால் சில மாதத்தில் பழுப்பாக எழும்பிவிடும், பிறகு போகவே போகாது.

நெல்லைவெள்ளி:

துடைக்காதீர்கள். தயவுசெய்து துடைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் தாத்தா ஒரு ப்ரூப் வெள்ளிக்காசு வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, குத்துவிளக்கோடும் சந்தனக் கிண்ணத்தோடும் சேர்த்து அதையும் விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைப்பார். வெள்ளிச் சாமானுக்கு விபூதி போட்டால் நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் ப்ரூப் காசின் கண்ணாடித் தளத்தில் அது ஆயிரம் கீறல் போட்டுவிடும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும், தாத்தாவின் விரல் சுற்றிய வட்டம் வட்டமாகவே கோடுகள். நான் விலை கேட்டபோது, "இதை ப்ரூப் விலைக்கு எடுக்க முடியாது" என்று ஒரே வார்த்தையில் திருப்பிக் கொடுத்தார்கள்.

வெள்ளி கறுத்திருந்தால் அப்படியே விடுங்கள். சீராகப் படிந்த அந்த நிறமாற்றத்தை (டோனிங்) தேடி வாங்குகிறவர்களும் உண்டு.

தேம்ஸ்கரை:

யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்ப லண்டனில் இருக்கிறேன். மதுரை அண்ணா சொன்ன கீ காயினுக்கு இங்கே நல்ல உதாரணம் ஒன்று இருக்கு.

2009இல் கியூ தாவரவியல் பூங்காவின் 250ஆவது ஆண்டுக்கு ஒரு 50 பென்ஸ் குத்தி (நாணயம்) வந்தது. புழக்கத்துக்கு விட்டது 2,10,000 மட்டுமே. சனம் அந்த நேரம் கவனிக்கவில்லை, கடைகளில் கொடுத்துச் செலவழித்துவிட்டார்கள். பிறகு விலை ஏறி, பாவித்த குத்தியே நூறு பவுண்டுக்கு மேல் போகத் தொடங்கியது. அதே வடிவம் 2009 ப்ரூப் செட்டுக்குள்ளும் இருக்கு. அந்தச் செட்டில் எட்டாம் ஹென்றியின் 5 பவுண்ட், டார்வின், பேர்ன்ஸ் 2 பவுண்ட் எல்லாம் இருந்தும், செட்டைத் தேடுகிறவர்கள் கேட்பது "கியூ உள்ளே இருக்கா?" என்றுதான். அதனாலேயே பலர் கியூவைக் கழற்றி விற்றுவிட்டு, மிச்சத்தை ஓட்டை விழுந்த செட்டாக மலிவாகத் தள்ளிவிட்டார்கள். 2009 செட் ஒன்று நம்ப முடியாத மலிவு விலைக்கு வந்தால் முதலில் அந்த 50 பென்ஸ் குழியைத்தான் நான் பார்ப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019இல் பிரிட்டிஷ் நாணயச்சாலையான றோயல் மின்ற் அதே கியூ வடிவத்தை 2019 என்ற ஆண்டோடு திரும்ப அடித்து ப்ரூப் செட்டில் விற்றது. 2009 என்று நினைத்து அதை வாங்கி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஜெர்சிவாசி:

சகோதரி, உங்கள் சித்தப்பா அனுப்பிய அமெரிக்க செட்டுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1988 முதல் 1995 வரை வந்த சாதாரண ப்ரூப் செட்டுகள் லட்சக்கணக்கில் விற்றவை. இங்கே இன்றும் சில டாலருக்குக் கிடைக்கும். வீட்டு ஓட்டுக்கு அதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் பார்த்தே ஆக வேண்டும்.

1990 செட்டில் ஒரு சென்ட் காசைப் பாருங்கள். ஆண்டுக்குக் கீழே 'எஸ்' என்ற எழுத்து இருக்க வேண்டும், சான் பிரான்சிஸ்கோ முத்திரை அது. எழுத்து இல்லாமலே சில ஆயிரம் சென்ட்கள் செட்டுக்குள் போய்விட்டன, சுமார் 3,555 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எழுத்து இல்லாத சென்ட் இருந்தால் அந்த ஒரு செட் மற்ற ஏழையும் சேர்த்ததைவிடப் பல மடங்கு போகும். பெட்டியைத் திறக்காமல் வெளியிலிருந்தே பாருங்கள். மூடிய நிலையில் இருந்தால்தான் நம்புவார்கள்.

இரண்டாவது, 1992 முதல் வந்த வெள்ளி ப்ரூப் செட்டுகள். டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்), அரை டாலர் மூன்றும் 90 சதவீதம் வெள்ளி. சாதாரண செட்டில் அந்தக் காசுகளின் ஓரத்தில் செம்பு நிறக் கோடு தெரியும். கோடு இல்லாமல் ஓரம் முழுக்க வெள்ளையாக இருந்தால் அது வெள்ளி செட்.

செட்டா, தனிக்காசா என்ற கேள்விக்கு இந்த ஊரில் எனக்குத் தெரிந்த பெரிய பாடம் 1995 டபிள்யூ சில்வர் ஈகிள். அமெரிக்க ஈகிள் காசுகளின் பத்தாம் ஆண்டுக்கு நான்கு தங்கக் காசும் ஒரு வெள்ளிக் காசும் சேர்த்து 999 டாலருக்கு ஒரு செட் விட்டார்கள். வெள்ளிக் காசில் வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையின் 'டபிள்யூ' முத்திரை. அந்தக் காசை வேறு எந்த வழியிலும் வாங்க முடியாது, முழு செட்டையும் எடுத்தால்தான் கிடைக்கும். மொத்தம் 30,125 மட்டுமே விற்றது. இன்று அந்த ஒரு வெள்ளிக் காசு தனியாகவே பல ஆயிரம் டாலர். அப்போது நிறையப் பேர் தங்கத்தை எடுத்துக்கொண்டு வெள்ளியைத் தனியே விற்றார்கள், வேறு சிலர் வெள்ளிக்காகவே செட்டை வாங்கித் தங்கத்தை விற்றார்கள். நான்கு தங்கக் காசிலும் சேர்த்து 1.85 அவுன்ஸ் தங்கம். தங்கம் இன்று நிற்கிற விலையில் அந்தப் பக்கத்தையும் சின்னப் பங்கு என்று சொல்ல முடியாது. இந்த ஒரு செட்டைப் பொறுத்தவரை பிரித்தும் விற்கலாம், சேர்த்தும் விற்கலாம், ஏனென்றால் ஒவ்வொரு காசுக்கும் தனியாக வாங்க ஆள் இருக்கிறது. உங்கள் தஞ்சை செட்டின் ஐந்து ரூபாய்க்கு அந்த மாதிரி ஆள் இல்லை, அதுதான் வித்தியாசம்.

பழைய காலத்துக்குப் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். 1936இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் ப்ரூப் காசுகளைத் தனித்தனியாகவும் வாங்கலாம். சென்ட் 5,569, நிக்கல் (5 சென்ட் காசு) 4,420, டைம் 4,130, அரை டாலர் 3,901, குவார்ட்டர் 3,837 அடித்தார்கள். ஆக அந்த ஆண்டுக்கு 3,837க்கு மேல் முழு செட் இந்த உலகத்தில் இருக்கவே முடியாது. எது குறைவோ அதுதான் செட்டின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. 1964இல் 39,50,762 செட் விற்றார்கள். இந்த இரண்டையும் ப்ரூப் செட் என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள்.

கோவைக்கலெக்டர்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். செட், செட் என்று கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வாங்க ஆள் வராது. இன்றைக்கு இளைஞர்கள் சேர்ப்பது தனிக்காசுதான், அதுவும் என்.ஜி.சி. அல்லது பி.சி.ஜி.எஸ். (காசைச் சோதித்து 70க்கு மார்க் போடும் நிறுவனங்கள்) ஸ்லாபில், அதாவது மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறையில், 69, 70 மார்க் போட்டு வந்த காசு. காந்தி 10 ரூபாயை ஸ்லாபுக்கு அனுப்பினால் நல்ல விலை கிடைக்கும். அதனால் கீ காயினைத் தனியே எடுத்து கிரேடிங் செய்வதே என் ஆலோசனை.

மதுரைக்காசு:

தம்பி, ஸ்லாப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செலவைக் கணக்குப் போட்டுப் பார். கிரேடிங் கட்டணம், ஏஜெண்ட் கட்டணம், போக வர இன்சூரன்ஸ், அப்புறம் மாதக்கணக்கில் காத்திருப்பு. இந்த மாதிரிக் காசுக்கு 70 வந்தால்தான் விலை துள்ளும். 69 வந்தால் செலவு திரும்பி வருவதே பெரிசு. 66, 67 வந்தால் நஷ்டம், அதோடு பெட்டியும் உடைந்து போயிருக்கும். 1969 காசு ஐம்பது வருஷத்துக்கு மேல் பீரோவில் கிடந்தது, 70 வரும் என்று யாரும் கனவு காண முடியாது.

வாங்க ஆள் வராது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பத்துக் காசு உள்ள செட்டில் எட்டுக் காசு சாதாரணமானது என்றால், அந்த எட்டுக்கும் சேர்த்துப் பணம் தர யாரும் விரும்புவதில்லை. அதனால் செட்டின் விலை பல சமயம் தனிக்காசுகளின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாகத்தான் நிற்கும். ஆனால் அந்தக் கூட்டுத்தொகை காகிதத்தில் மட்டும் இருக்கிற தொகை. அதைக் கையில் வாங்க நீ பத்து ஆளைத் தேட வேண்டும், பத்துப் பார்சல் கட்ட வேண்டும். நல்ல காசு முதல் வாரத்திலேயே போய்விடும், மிச்சம் வருஷக்கணக்கில் உன் வீட்டிலேயே கிடக்கும். வீட்டு ஓடு மாற்றக் காத்திருக்கிற ஒருவருக்கு அந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

சகோதரி, விலையைப் பொறுத்தவரை விற்பனைத் தளங்களில் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள். கேட்கிற விலை வேறு, போன விலை வேறு. ஏல நிறுவனங்களின் பழைய ஏலங்களில் என்ன விலைக்கு முடிந்தது என்று இருக்கும், நான்கைந்தைப் பார்த்தால் உங்களுக்கே பிடிபடும். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி, "உங்க காசுக்கு லட்சம் தருவோம், முதலில் கமிஷன் கட்டுங்க" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். அது மோசடி என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. பகல் வெளிச்சத்தில் அம்மாவும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

1990 சென்டில் எழுத்து இருக்கிறது, அதில் அதிர்ஷ்டம் இல்லை. 1992 முதல் உள்ள நான்கு செட்டில் இரண்டின் ஓரத்தில் செம்புக் கோடு இல்லை. வெள்ளி என்றே நினைக்கிறேன். காமராஜர், அண்ணா, தஞ்சை மூன்றும் பெட்டியோடு சுத்தமாக இருக்கின்றன. உதிரிக் காசுகள் இருந்த கவர் பிசுபிசுவென்று இருக்கிறது, சில காசுகளில் பச்சையாக ஏதோ ஒட்டியிருக்கிறது.

காந்தி செட்டில்தான் ஒரு விஷயம். பத்து ரூபாய், ஒரு ரூபாய், இருபது காசு மூன்றிலும் 'பி' தெரிகிறது. ஐம்பது காசில் எழுத்தும் இல்லை, வைரமும் இல்லை. தளமும் மங்கல். மற்ற மூன்றில் என் முகம் தெரிகிறது, இதில் தெரியவில்லை. அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உங்க அண்ணன் ரெண்டாம் கிளாஸ் படிக்கறப்ப இதுல ஒண்ணை எடுத்துட்டுப் போயி கடையில குடுத்துட்டான். உங்கப்பா அவனை ஒரு வார்த்தை சொல்லலை. வேற ஒண்ணைக் கொண்டு வந்து வச்சார்" என்றார்.

இந்த செட்டை இனி என்னவென்று சொல்லி விற்பது?

அச்சுமுத்திரை:

எழுத்து இல்லாததால் அது கொல்கத்தாவில் புழக்கத்துக்கு அடித்த ஐம்பது காசு. முழு ப்ரூப் செட் என்று இனி சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இங்கே பிரித்துப் பார்ப்பதுதான் நியாயம். ஏற்கனவே உடைந்த செட் என்பதால் ஒவ்வொரு காசையும் தனித்தனியாக மதிப்பிடலாம். பத்து ரூபாய்தான் கீ காயின், 15 கிராமில் 12 கிராம் வெள்ளி. அது கீறல் இல்லாமல் இருந்தால் தனியாகவே நன்றாகப் போகும். அல்லது 'பி' உள்ள ப்ரூப் ஐம்பது காசு ஒன்றைத் தேடி வாங்கி நிரப்பலாம். அப்படி நிரப்பினால், பின்னால் சேர்த்தது என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பச்சை, அந்தக் கவரின் பி.வி.சி. பிளாஸ்டிக் கசிந்தது. அப்படியே விட்டால் காசை அரிக்கும். சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி ஊறவையுங்கள், தேய்க்க வேண்டாம். நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டாம், அதில் வேறு சரக்கெல்லாம் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து செய்யுங்கள்.

மதுரைக்காசு:

என்னிடம் உதிரியாக 'பி' போட்ட காந்தி ஐம்பது காசு ப்ரூப் ஒன்று இருக்கிறது. நான் வாங்கிய விலைக்கே தருகிறேன், சகோதரி. லாபம் வேண்டாம்.

காவிரிக்கரை:

ஐயா, மனசார நன்றி. நேற்று ராத்திரி அம்மாவிடம் பேசினேன். தஞ்சை செட்டோடு காந்தி செட்டையும் விற்க வேண்டாம் என்கிறார். அந்த ஐம்பது காசு அப்பா வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.

காமராஜர், அண்ணா செட்டுகளைப் பிரிக்காமல் விற்கிறேன். இரண்டு வெள்ளி செட்டையும் ஜெர்சி அண்ணன் சொன்னபடி தனியாகவும், மற்ற ஆறையும் ஒரே லாட்டாகவும் போடுகிறேன். போன வருஷத்து ஏலங்களில் நான்கு விலை குறித்து வைத்திருக்கிறேன், படங்களோடு நாளை இங்கே போடுகிறேன். உதிரிகளில் இரண்டைத் தவிர எல்லாவற்றிலும் பச்சை கரைந்துவிட்டது. அந்த இரண்டையும் இன்னொரு நாள் ஊறவிடலாமா?

அச்சுமுத்திரை:

விடலாம். அசிட்டோனை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள், பழையது காய்ந்தால் கரைந்த பச்சை திரும்பக் காசிலேயே படியும்.